ஊரில்லாதவன் பாடிய தேசம்

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1789-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று மைக்கேல் டிரோசியோ என்பவரைச் சுதேசிப் புராட்டஸ்டண்டு என்று சொல்லுகிறது. 1795-ஆம் ஆண்டின் வங்காள விலாசப் புத்தகமோ அதே மனிதரைப் போர்ச்சுகீசிய வியாபாரி என்று எழுதி வைத்திருக்கிறது. குறிப்பெழுதிய இருவரில் எவரும் பொய் எழுதவில்லை. போர்ச்சுகீசிய வம்சத்தின் பெயரையும் இந்த மண்ணின் உதிரத்தையும் ஒருங்கே தாங்கிய அந்தக் குடும்பத்தை எந்த வரிசையில் சேர்ப்பது என்பது அக்காலத்து ஏடுகளுக்கு விளங்கவில்லை என்பதே விஷயம். அந்த வியாபாரியின் பேரனாக 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவில் பிறந்து, இருபத்திரண்டு வயதிலேயே மறைந்த ஹென்றி லூயி விவியன் டிரோசியோ என்னும் இளைஞரைத்தான், இந்தியா முழுவதையும் தன் நாடென்று விளித்து ஆங்கிலத்தில் கவிதை செய்தவர்களுள் முதல்வர் என்று இலக்கிய சரித்திரம் எழுதியோர் பலர் கருதுகின்றனர். பாட்டனார் இந்நாட்டவரா அந்நியரா என்பதிலேயே ஏடுகள் ஒத்துப்போகவில்லை. பேரனோ தேசத்தையே உரிமை கொண்டாடினார். இது ஏன் நிகழ்ந்தது என்பதை நாம் போதுமான அளவு சிந்தித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். டிரோசியோவைத் தேசபக்தக் கவி என்று இரண்டு வரியில் புகழ்ந்துவிட்டு, அவர் எந்த ஜனங்களிடையே பிறந்தாரோ அந்த ஜனங்களை மறந்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

அவர் பிறந்த காலத்தில் கலப்பு வம்சத்தினரின் நிலை எத்தகையது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் பிறப்பித்த உத்தரவின்படி, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராயிருப்பவர் எவரும் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகங்களில் நியமனம் பெறலாகாது. நான்கு ஆண்டுகளில் வந்த மற்றோர் ஆணை, பட்டாளத்திலே அவர்களுக்கென்று மிச்சம் வைத்த வேலைகள் குழல் ஊதுவதும், முரசு கொட்டுவதும், பாண்டு வாசிப்பதும், குதிரைக்கு லாடம் அடிப்பதுமே. கல்கத்தா நகர எல்லைக்குள் ஆங்கிலச் சட்டத்தின் நிழலில் இருந்த ஒருவர், எல்லையைத் தாண்டி மொபசலுக்குள் கால் வைத்தவுடன், கிறிஸ்தவராயிருந்தும் முகம்மதியக் குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்டவராகிவிடுவார். விவாகத்துக்கும் வாரிசுரிமைக்கும் அவருக்கென்று திட்டமான சட்டம் அங்கே இல்லை. வெள்ளைக்காரர் தம் பந்தியில் இடம் தர மறுத்தனர். ஜாதி என்ற ஒன்று இல்லாதவருக்கு இந்து சமூகத்திலே ஆசனமும் இல்லை. யூரேஷியர் என்றும், கிழக்கிந்தியர் என்றும், இந்தோ-பிரிட்டானியர் என்றும் தம்மைத் தாமே எவ்வாறு அழைத்துக்கொள்வது என்று அவர்கள் தமக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

இத்தகைய சூழலிலே டிரோசியோவுக்கு வாய்த்த பெரும் பாக்கியம், தருமதலாவில் டேவிட் டிரம்மண்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நடத்திவந்த பள்ளிக்கூடம். டிரம்மண்டு தாமும் ஒரு கவி. எதையும் விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கையினர். பதினான்கு வயதில் அப்பள்ளியை விட்ட பிள்ளை, தந்தை வேலை பார்த்த வியாபார ஸ்தாபனத்தில் சிலகாலம் கணக்கெழுதிவிட்டு, அது மனத்துக்கு ஒட்டாமல், பாகல்பூரில் உறவினர் ஒருவரின் அவுரித் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது கங்கை. அவுரிச் சாயம் காய்ச்சும் தொட்டிகளின் நடுவே உழைத்த நேரம் போக, நதிக்கரையையும், நதியின் நடுவே எழுந்து நிற்கும் ஜங்கீராப் பாறையையும், அதைப் பற்றி ஜனங்கள் சொல்லும் கதைகளையும் உள்ளத்திலே நிரப்பிக்கொண்ட அவர், புனைபெயரில் எழுதி அனுப்பிய கவிதைகளை 'இந்தியா கெஜட்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கிராண்ட் மகிழ்ந்து வெளியிட்டார். 1827-இல் முதல் தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டிலே 'ஜங்கீராவின் பக்கீர்' என்னும் காவியம் வந்தது. அதற்குள் அவர் பதினேழு வயதிலேயே கல்கத்தா இந்து கல்லூரியில் ஆசிரியராகவும் அமர்ந்துவிட்டிருந்தார்.

இனி நான் மேலே எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 1820-களின் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு குலீனப் பிராமணருக்குத் தம் கோத்திரம் உண்டு, குலதெய்வம் உண்டு, பூர்விக கிராமம் உண்டு, சிராத்தத்தில் பிண்டம் வைத்துச் சொல்லுவதற்கு மூன்று தலைமுறைப் பெயர்கள் உண்டு. காயஸ்தருக்கும், பொன்வணிகருக்கும் அவரவர் சமூகம், அவரவர் பஞ்சாயத்து. முகம்மதியப் பிரபுவுக்குத் தில்லியையும் லக்னோவையும் எட்டும் வம்ச கௌரவம். வெள்ளைக்காரருக்கோ கடலுக்கு அப்பால் ஒரு சொந்த மண் இருந்தது. இந்த நாடு அவருக்குச் சம்பாதிக்கும் இடம் மட்டுமே. இவர்களில் எவருக்கும், இமயத்திலிருந்து குமரி வரை விரிந்த ஒரு பூமியைத் தன் சொந்த இருப்பிடமாகப் பாவித்து, அதன் வீழ்ச்சியைத் தன் வீட்டுத் துக்கமாகக் கொண்டாட வேண்டிய அவசியம் அன்றைக்கு ஏற்படவில்லை. புண்ணிய பூமி என்ற நினைவு நம் முன்னோருக்கு நிச்சயமாக இருந்தது. தீர்த்த யாத்திரைகளே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் புண்ணிய பூமி அடிமைப்பட்டு நிற்கிறது, அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒரு தனி மனிதன் கவிதையிலே பேசுவது வேறு விஷயம். ஊரும் குலமும் கோத்திரமும் வாய்த்தவர்களுக்கு அவையே போதுமானவையாக இருந்தன. அவற்றில் எதுவும் வாய்க்காத டிரோசியோவுக்கு, உரிமை கொண்டாட எஞ்சியிருந்தது முழுத் தேசம் ஒன்றே. சிறிய இடங்கள் எல்லாம் அவருக்கு அடைத்திருந்தபடியால்தான் பெரிய இடம் அவர் கண்ணுக்கு முதலில் தென்பட்டது என்று நான் நம்புகிறேன். பங்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' நூலாக வெளிவந்ததும், நம் பாரதியார் பிறந்ததும் 1882-ஆம் ஆண்டு. பாரதியாரின் 'ஸ்வதேச கீதங்கள்' வெளிவந்தது 1908-இல். அவற்றுக்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்தி, இந்து என்றும் முஸ்லிம் என்றும் வெள்ளையர் என்றும் வகுத்த எந்த வகுப்பிலும் அடங்காத ஒருவரிடமிருந்து அந்தக் குரல் எழுந்தது.

டிரோசியோ மகாகவி என்று நான் வாதாட வரவில்லை. இருபது வயதுக்குள் எழுதப்பட்ட பாட்டுக்களில் பைரனுடைய ஆவேசமும் தாமஸ் மூருடைய நெகிழ்ச்சியும் பல இடங்களில் அப்படியே படிந்து கிடக்கின்றன. அயர்லாந்தின் துயரத்துக்காக மூர் மீட்டிய ஹார்ப் என்னும் நரம்புக் கருவியையே எடுத்துவந்து, வீணை பிறந்த நாட்டின் கையிலே அவர் வைத்துவிட்டார். புராதன இந்தியாவின் மகிமையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியக் கழகத்துப் பண்டிதர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்ததேயன்றி, மூலங்களைக் கற்றுத் தெளிந்ததன்று. இக்குறைகளைச் சுட்டிக்காட்டி, அவருடைய தேசாபிமானம் இரவல் சரக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. எந்தக் கவியும் முதலில் தனக்குக் கிடைத்த வாத்தியத்தைத்தான் எடுத்து வாசிக்கிறான். எதற்காக வாசித்தான் என்பதைக் கொண்டே அவனை மதிப்பிட வேண்டும். அன்றியும், அயர்லாந்துக்காரன் ஒருவன் தன் நாட்டுக்காக அழுததைக் கேட்ட மாத்திரத்தில், தனக்கும் அழ ஒரு நாடு உண்டு என்று உணர்ந்த அந்த வேகம் இரவல் வாங்கக்கூடியதன்று.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இன்று பாடப் புத்தகங்களிலும் தொகை நூல்களிலும் தாய்நாட்டைக் குறித்த தலைப்போடு அச்சாகும் அந்தப் பதினான்கு அடிக் கவிதைக்கு, அத்தலைப்பை இட்டவர் டிரோசியோ அல்லர். அது 1923-இல் அவருடைய பாடல்களைத் தொகுத்த பிராட்லி-பர்ட் என்பவர் வைத்தது. மூலத்தில் அது தலைப்பின்றி, 'ஜங்கீராவின் பக்கீர்' காவியத்துக்கு முகப்பாக நின்றது. முகப்பைக் கடந்து உள்ளே போனால் நாம் எதிர்ப்படுவது என்ன? நளினி என்னும் இளம் பிராமண விதவை, கணவனுடைய சிதையில் ஏறுவதற்காகக் கங்கைக் கரைக்கு அழைத்துவரப்படுகிறாள். அவளை முன்பே நேசித்தவனும், இப்போது ஜங்கீராப் பாறையில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாக வாழ்பவனுமான பக்கீர் வந்து சிதையருகிலிருந்து அவளைத் தூக்கிச் செல்கிறான். மகளை இழந்த தந்தை ஷுஜா இளவரசனிடம் முறையிட்டுப் படை திரட்டுகிறார். போரிலே பக்கீர் மடிகிறான். அவன் உடலைத் தழுவியபடியே நளினியும் உயிர் விடுகிறாள்.

தேசத்தைத் தொழுது தொடங்கிய புத்தகம், அந்தத் தேசத்தின் சிதைக்கு முன்னால் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. முகப்புக் கவிதையைக் கத்தரித்து எடுத்துத் தனியே படிக்கும்போது டிரோசியோ பழம்பெருமை பாடியவராகத் தோன்றுகிறார். காவியத்தோடு சேர்த்துப் படித்தால், தன் நாடு என்று சொல்லிக்கொண்ட காரணத்தினாலேயே அந்நாட்டின் குற்றத்தையும் தன் குற்றமாக ஏற்றுக்கொண்டவராகத் தோன்றுகிறார். வங்காளத்தில் சதியைத் தடைசெய்து கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் சட்டம் பிறப்பித்தது 1829 டிசம்பர் 4 அன்று. அதற்கு முந்தின ஆண்டிலே வெளிவந்த காவியம் இது. அந்நியனாயிருந்தால், இந்துக்களின் வழக்கம் என்று அருவருத்து ஒதுங்கியிருக்கலாம். பிறப்பினால் உரிமை பெற்றவனாயிருந்தால், பரம்பரை ஆசாரம் என்று வாய் மூடியிருக்கலாம். டிரோசியோ இரண்டு வழியையும் ஏற்கவில்லை. புக்ககமும் பிறந்தகமும் கைவிட்ட பெண்ணையும், சமூகத்துக்கு வெளியே பாறையில் வாழும் ஒருவனையும் கதாபாத்திரங்களாகத் தேர்ந்தெடுத்த அந்தக் கை, இடமில்லாமை என்பது என்ன என்று அறிந்த கை.

இந்து கல்லூரியின் விவகாரத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1817-இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரியில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் உண்டு. அதாவது, அங்கே இலக்கியமும் சரித்திரமும் கற்பித்த டிரோசியோ, அங்கே மாணவராகச் சேர்ந்து படிக்க ஆசைப்பட்டிருந்தால் அவருக்கு அனுமதி கிடைத்திராது. எனினும், தம்மைவிடச் சில வயதே இளையவர்களான அந்த மாணவர்களோடு அவர் கொண்ட உறவு, நம் நாட்டு ஆசிரியர்களின் சரித்திரத்திலே அபூர்வமானது. 1828-இல் அமைந்த வித்யா சங்கத்தில் மாணவர்கள் கூடி, விதியும் சுதந்திரமும், விக்கிரக ஆராதனை, தேசாபிமானம் முதலிய பொருள்களைப் பற்றி வாதித்தார்கள். கிருஷ்ண மோகன் பானர்ஜி, ராம்கோபால் கோஷ், ராம்தனு லாஹிரி, பியாரி சந்த் மித்ரர், பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தர் ஆகிய பெயர்களைச் சொன்னாலே, அந்த இளைஞர் எப்பேர்ப்பட்ட பயிரை வளர்த்தார் என்பது விளங்கும்.

பெரியவர்கள் அஞ்சினார்கள். பிள்ளைகள் ஆசாரம் விடுகிறார்கள், ஆசிரியர் நாஸ்திகம் போதிக்கிறார், பெற்றோரை மதிக்க வேண்டாம் என்கிறார், உடன்பிறந்தார் மணந்துகொள்ளலாம் என்றுகூடச் சொல்லுகிறார் என்ற வதந்திகள் நகரெங்கும் பரவின. 1831 ஏப்ரலில் நிர்வாகிகள் கூடினார்கள். டிரோசியோவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமலே அவரை நீக்குவது என்று முடிவாயிற்று. அக்கூட்டத்திலிருந்த ஐரோப்பியரான ஹோரேஸ் ஹேமன் வில்சனும் டேவிட் ஹேரும், இந்துக்களின் மனோபாவத்தைப் பற்றிய விஷயத்தில் தாங்கள் வாக்களிப்பது தகாது என்று ஒதுங்கிக்கொண்டனர். இதன்பின் வில்சனுடைய கேள்விகளுக்கு டிரோசியோ எழுதிய மறுமொழி, என் எண்ணத்தில், அவருடைய பாட்டுக்களுக்கு நிகராகப் போற்றத்தக்கது. கடவுளைப் பற்றி ஹியூம் எழுப்பிய சந்தேகங்களை மாணவர்களுக்கு எடுத்துரைத்தது மெய். அதே மாணவர்களிடம், அச்சந்தேகங்களுக்கு ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் கூறிய சமாதானங்களையும் கொடுத்ததும் மெய். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவுசெய்யும் பழக்கத்தை இளைஞர்களிடம் வளர்க்கத் தமக்கு உரிமை இல்லை என்பதே அவர் தரப்பு. பெற்றோரைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு அவர் காட்டிய உதாரணம் இன்னும் நெஞ்சைத் தொடுவது: தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்னும் மாணவர் வீட்டிலே படும் துன்பம் தாங்காமல் தந்தையை விட்டுப் பிரிய எண்ணியபோது, பொறுத்திரு என்று தடுத்தவர் தாமே என்கிறார். மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எழுதிய கடிதம் அது.

வேலை போன பிறகு அவர் செய்த காரியம் என்ன என்பதில்தான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து அடங்கியிருக்கிறது. அவர் 'கிழக்கிந்தியன்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கித் தம் சொந்த ஜனங்களுக்காக எழுதினார். அந்த ஜனங்கள் தங்கள் குறைகளைத் தொகுத்து எழுதிய மனுவை ஜான் வில்லியம் ரிக்கெட்ஸ் லண்டனுக்கு எடுத்துச் சென்று, 1830-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் முன் வைத்திருந்தார். அவர் திரும்பி வந்தபோது டவுன் ஹாலில் கூடிய வரவேற்புக் கூட்டத்தில் பேசியவர்களில் டிரோசியோவும் ஒருவர். தேசம் முழுவதையும் பாடிய கவி, சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் உத்தியோக உரிமைக்காகவும் வாரிசுரிமைக்காகவும் வாதாடியதைச் சிலர் குறுகிய நோக்கம் என்று எண்ணலாம். எனக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை. பெரியதை நேசிப்பவன் தன்னைச் சேர்ந்த சிறியதைத் துறந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கேட்பது, கலப்பு வம்சத்தாரிடம் மட்டுமே கேட்கப்படும் விலை. மற்றவர்கள் தங்கள் ஜாதிச் சங்கத்தையும் தேசபக்தியையும் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தாராளமாக நடக்கிறார்கள்.

கரீபியக் கடலிலுள்ள செயின்ட் லூசியா தீவில் 1930-இல் பிறந்து, 1992-இல் நோபல் பரிசு பெற்ற கவி டெரெக் வால்காட்டை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அவருடைய பாட்டனார் இருவரும் வெள்ளையர். பாட்டிமார் இருவரும் ஆப்பிரிக்க வம்சத்தினர். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியை நினைந்து அவர் எழுதிய புகழ்பெற்ற கவிதையில், உதிரத்தால் ஒரு பக்கமும் மொழியின் மேல் கொண்ட காதலால் மறு பக்கமும் இழுபட்டு நிற்கிற வேதனை வெளிப்படையாகப் பேசுகிறது. டிரோசியோவிடம் இந்த இழுபறி இல்லை. தம் ரத்தத்தைப் பற்றிக் கவிதையில் அவர் புலம்பவேயில்லை என்று சொல்லலாம். அதை அறியாமை என்று நான் கருதவில்லை. காலம் அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் அளித்திருந்தால் அந்த வேதனையும் பாட்டாகியிருக்கக்கூடும். ஆயினும், தான் யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்பதற்கு முன்பே, தான் யாருக்குக் கடமைப்பட்டவன் என்று தீர்மானித்துவிட்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவையெல்லாம் வங்காளத்துக் கதை, நமக்கு என்ன என்று தமிழ் வாசகர் கேட்கலாகாது. சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள். அங்கே மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையை விடுதியில் புகுத்தி, பிற்பாடு 'சென்னை முறை' என்று இங்கிலாந்திலே புகழ்பெறச் செய்தார். மண்ணில் எழுதும் நம் வழக்கத்தை ஏற்றுக்கொண்ட அந்த விடுதி, பிள்ளைகளைப் பெற்ற நம் பெண்களை ஏற்றுக்கொள்ளவில்லை. தாய்மாரின் சேர்க்கையிலிருந்து குழந்தைகளை விலக்கி வளர்ப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. வங்கத்தின் மகாகவி மைக்கேல் மதுசூதன தத்தர் 1848-இல் சென்னைக்கு வந்து இந்த விடுதிப் பள்ளியில்தான் ஆசிரியராக அமர்ந்தார்; கலப்பு வம்சத்துப் பெண்ணான ரெபேக்காவை மணந்தார்; தம் முதல் ஆங்கிலக் காவியத்தை 1849-இல் இங்கேயே அச்சிட்டார். அவரும் இந்து கல்லூரியில் பயின்றவர்; கிறிஸ்தவரானதும் அங்கே நீடிக்க வழியின்றி வெளியேறியவர்.

அந்தத் தாய்மாரின் பெயர்களை ஏடுகள் காக்கவில்லை என்பது பழைய காலத்து அநீதி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. நம் அரசியல் சாசனத்தின் 366-ஆம் பிரிவு இந்தக் கலப்பு வம்சத்தாரை ஆங்கிலோ இந்தியர் என்று பெயரிட்டு வரையறுக்கும்போது, தந்தையோ, ஆண் வழியில் வந்த வேறு முன்னோரோ ஐரோப்பிய வம்சத்தவராயிருக்க வேண்டும் என்று சொல்லுகிறது. தாய் வழி கணக்கில் வரவில்லை. ஒருவரை இந்த மண்ணோடு பிணைத்தவள் எவளோ, அவளைத் தவிர மற்றவற்றை வைத்து அவரை அடையாளம் காண்கிறோம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 104-ஆம் திருத்தத்தோடு, அச்சமூகத்தாரில் மக்களவையில் இருவரையும் மாநிலச் சட்டமன்றங்களில் ஒருவரையும் நியமிக்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 235-ஆவது ஆசனமும் அதோடு போயிற்று. நியமன ஆசனத்தில் குறைகள் இல்லாமலில்லை. ஆளுங்கட்சியின் தயவில் கிடைக்கும் இடம், அச்சமூகத்தாரை என்றென்றைக்கும் விருந்தாளிகளாகவே வைத்திருந்தது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எனக்கு மனவருத்தம் தந்தது, அதை எடுக்கும்போது சொல்லப்பட்ட காரணம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் 296 ஆங்கிலோ இந்தியரே உள்ளனர் என்று பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சமூகத்தினர் அந்த எண்ணிக்கையை வன்மையாக மறுத்தனர். எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், குறைந்த தொகையினர் என்பது அவர்களைக் குறைவாகக் கேட்பதற்குக் காரணமாகுமா? 1789-இல் ஒரு விதமாகவும் 1795-இல் வேறு விதமாகவும் எழுதிய ஏடுகளின் வாரிசுகள்தாமே இந்தக் கணக்குகளும்.

பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வேப்பேரியிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்து, ரயில் எஞ்சின்களை ஓட்டியும், தந்தி அடித்தும், நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தும், மருத்துவமனைகளில் இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்தும் வந்த ஒரு சமூகத்தாரை, சட்டைக்காரர் என்று விளித்துத் தள்ளி நிறுத்துவதில் நாம் குறை வைக்கவில்லை. நம் சினிமாவோ, அவர்களுடைய பெண்களைக் குட்டைப் பாவாடையும் கொச்சைத் தமிழுமாகக் காட்டிச் சிரிக்க வைத்ததன்றி, அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று தலைமுறையாகச் சென்னையிலே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பார்த்து, உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று மரியாதையாகக் கேட்கிறோம். சென்னை என்று அவர் பதில் சொன்ன பிறகும், அதற்கு முன்னால் எது என்று கேட்கிறோம். அந்த இரண்டாவது கேள்வியிலேதான் முழு விஷயமும் இருக்கிறது. முன்னால் எது என்று நம்மில் யாரைத் துருவினாலும் எங்கோ ஓரிடத்தில் விடை தெரியாமல் விழிக்கத்தான் நேரும். ஆனால் நம்மை யாரும் அவ்வளவு தூரம் துருவுவதில்லை.

1831 டிசம்பரில், தாம் படித்த டிரம்மண்டின் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை நடத்தச் சென்று வந்த டிரோசியோ, அதைப் பற்றித் தம் பத்திரிகையில் எழுதினார். ஐரோப்பியப் பிள்ளையும், கிழக்கிந்தியப் பிள்ளையும், இந்துப் பிள்ளையும் அப்பள்ளியில் ஒன்றாய்ப் பயின்றதையே அவர் விசேஷமாக எடுத்துப் பாராட்டினார். சுதேசிப் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கிய கிறிஸ்தவப் பெற்றோரைக் கண்டித்தார். தம் சமூகத்தின் பத்திரிகையில், தம் சமூகத்தாரின் குற்றத்தையே எடுத்துச் சொன்ன எழுத்து அது. சில தினங்களுக்குள் வாந்திபேதி கண்டது. ஆசாரம் கெட்டுவிடும் என்று எந்த மாணவர்களைப் பெற்றோர்கள் அவரிடமிருந்து பிரிக்க முயன்றார்களோ, அதே மாணவர்கள் இரவும் பகலும் படுக்கையருகிலிருந்து சேவை செய்தார்கள். டிசம்பர் 26 அன்று அவர் இறந்தார்.

நம் பாடநூல்களைத் தொகுப்போரிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. டிரோசியோவின் முகப்புக் கவிதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, நளினியின் கதையிலிருந்து அதை அறுத்து எடுக்காமல் கொடுக்க வேண்டும். வில்சனுக்கு எழுதிய மறுமொழியையும், டிரம்மண்டின் பள்ளியைப் பற்றிய கட்டுரையையும் நல்ல தமிழில் மொழிபெயர்த்து அதன் பின்னால் சேர்க்க வேண்டும். ஆசிரியர் குறிப்பிலே இந்தியக் கவி என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அவர் கலப்பு வம்சத்தவர் என்பதையும், அந்த வம்சத்தாருக்கு அக்காலத்துச் சட்டம் எந்தெந்தக் கதவுகளை அடைத்து வைத்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த வகுப்பறையில் டிசூசா என்றோ, ரோசாரியோ என்றோ, ஜான்சன் என்றோ பெயர்கொண்ட பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தக் குறிப்பை ஆசிரியர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.